பதினேழாம் எண்

தூத்துக்குடி
4 மார்ச் 2024

அன்புள்ள ஜாஸ்மினுக்கு,

ஆறாவது பெட்டி உங்கள் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்ததற்கான தாள் போன வாரம் மின்னஞ்சலில் வந்தது. பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் உன் கையெழுத்து இருந்தது. நீ வேலைக்குத் திரும்பிவிட்டாய் என்று அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. குழந்தைக்கு இன்னும் மூன்று மாதம்கூட முடியவில்லை.

ஒன்பது மாதமாக நீ என் போனை எடுப்பதில்லை. உன் வீட்டுக்காரன் சாம்சனைக் கூப்பிட்டால், "அவ தூங்கினுகீறா அக்கா" என்கிறான். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் நீ தூங்கிக்கொண்டிருக்கிறாய். ஆகவே இந்தக் கடிதத்தைப் பெட்டியோடு வரும் படிவங்களின் உறைக்குள் வைக்கிறேன். பெட்டியை நீ திறந்தே ஆகவேண்டும்.

இது ஏழாவது பெட்டி. இந்தப் பருவத்தில் கடைசி. இருபதாம் எண்ணிலிருந்து இருபத்து மூன்று வரை நான்கு டால்பின் மாதிரிகள் இருக்கின்றன. உலர்பனி போதுமான அளவு போட்டிருக்கிறேன்.

படகோட்டி மாறிவிட்டார். புதியவர் பெயர் மாசானம். நான் வில்லும் அம்பும் எடுத்ததும், கொல்லப் போகிறேன் என்று நினைத்து எஞ்சினை நிறுத்திவிட்டார். அம்பு நுனியில் ஒரு சின்னக் குழாய்தான் இருக்கிறது, பென்சில் முனை ரப்பர் அளவுக்குத் தோலும் அடியில் உள்ள கொழுப்பும் அதில் ஒட்டிக்கொண்டு வரும், அம்பு தானாகக் கழன்று மிதக்கும், டால்பின் ஒரு துள்ளு துள்ளிவிட்டுப் போய்விடும் என்றெல்லாம் சொன்னேன். கடலில் கலக்கிற விஷம் அந்தக் கொழுப்பில்தான் சேர்கிறது, ஆகவே அதைச் சாகடிக்காமலே அதன் உடம்பில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம் என்றேன். பொறுமையாகக் கேட்டார்.

"சரிம்மா. குத்துதீய, எடுக்குதீய, தெரிஞ்சுக்கிடுதீய. பொறவு அந்த ஓங்கலுக்கு மருந்து ஏதும் குடுப்பியளா?"

இல்லை என்றேன். எஞ்சினைப் போட்டார்.

போன ஜூனில் உங்கள் ஆய்வகத்தில் நான் பேசியதைப் பற்றி எழுதவேண்டும். பரசுராமன் சார் கேட்டுக்கொண்டதால் பேசினேன். எல்லா ஊழியர்களுக்கும் பொதுவாகத் தயாரித்த பேச்சு அது. நீ அறையில் இருந்ததை நான் கவனித்திருந்தால் — இதைச் சரியாக எழுத இன்று என்னால் முடியவில்லை.

பிள்ளையின் எடையை எழுது.

ஷாரோன்

*

பென்னலூர்
11 மார்ச் 2024

அக்கா,

பெட்டி வந்தது. உலர்பனி தீரவில்லை. கேட்டில் செக்யூரிட்டி ராஜாமணி, "இன்னா ஜாஸ்மின், வஞ்சிரமா நெத்திலியா?" என்றார். பெட்டி வரும்போதெல்லாம் இதே கேள்வி. "ஓங்கல் அண்ணா, வூட்டுக்கு ரெண்டு கிலோ கட்டித் தரவா?" என்றேன். இந்தக் கடிதம் காலிப் பெட்டிகளோடு வருகிறது.

பிரசவமாகி அறுபதாம் நாள் ஒப்பந்தக்காரர் போன் செய்தார். "வர்றியா, வேற ஆளப் போடட்டா?" என்றார். வந்துவிட்டேன். சாம்சன் நைட் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டான். பகலில் பிள்ளை அவனிடம் இருக்கிறான், காலையில் நான் பிழிந்து வைப்பதைச் சங்கில் கொடுக்கிறான்.

பொதுவாகத் தயாரித்த பேச்சு என்கிறாய். நான் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். "பெண் டால்பின் பல வருடமாகத் தன் உடம்பில் சேர்ந்த விஷத்தைப் பாலோடு வெளியேற்றுகிறது. பெரும்பங்கு முதல் குட்டிக்குப் போகிறது. அதனால் முதல் குட்டிகள் பிழைப்பது குறைவு." நீ சொன்னது வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது. அப்போது என் முதல் பிள்ளை கவியா போய் எட்டு மாதம். வயிற்றில் இவன் மூன்று மாதம். நீ என்னைப் பார்த்தாய் அக்கா. பார்த்துவிட்டுத் திரையில் அடுத்த படத்துக்குப் போனாய்.

கவியா எழுபத்தேழு நாள் இருந்தாள். இனியவனுக்கு எழுபத்தேழாம் நாள் பிப்ரவரி 27. அன்று பகலில் ஆறு முறை சாம்சனைக் கூப்பிட்டேன். ஆறாவது முறை, "மூச்சு வுட்டுகினுதான் கீறான், தூங்கவுடு" என்று வைத்துவிட்டான்.

ஒன்று கேட்கிறேன். அந்த முதல் குட்டி விஷயம் மனுஷருக்கும் உண்டா? ஆய்வகத்துக்கு வருவதற்கு முன் ஐந்து வருடம், ஒரகடம் பக்கத்தில் பழைய டிவி, கம்ப்யூட்டர் பெட்டிகளை அரைக்கிற யூனிட்டில் இருந்தேன். உனக்குத் தெரியும். சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும்.

எடை 5 கிலோ 400.

ஜாஸ்மின்

*

தூத்துக்குடி
19 மார்ச் 2024

அன்புள்ள ஜாஸ்மினுக்கு,

கூரியரில் அனுப்புகிறேன். நீ கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல இரண்டு நாள் படித்தேன்.

கொழுப்பில் தங்கும் வேதிப்பொருள்கள் மனிதத் தாய்ப்பாலிலும் சிறிதளவு வருகின்றன. உலகம் முழுவதும் அளந்திருக்கிறார்கள். ஆனால் டால்பினோடு இதை ஒப்பிடக்கூடாது. அது வாழ்நாள் முழுக்க மீனையே தின்கிறது. அதன் உடம்பில் சேர்வது பல மடங்கு அதிகம். அதன் பாலில் கொழுப்பும் பல மடங்கு அதிகம். தாய்ப்பாலால் குழந்தைக்குக் கிடைக்கும் நன்மை இந்த ஆபத்தைவிடப் பெரியது என்றுதான் மருத்துவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். பால் கொடுப்பதை நிறுத்தாதே.

அந்த யூனிட்டில் நீ சுவாசித்த தூசியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். டிவிப் பெட்டியின் பிளாஸ்டிக் தீப்பிடிக்காமல் இருக்க ஒரு பொருளைக் கலப்பார்கள். தீத்தடுப்பான் என்போம். அதுவும் கொழுப்பில் தங்கும் வகை. உன் உடம்பில் அது எவ்வளவு இருக்கிறது என்று அளக்காமல் சொல்லமுடியாது. அளக்கவும் என்னால் முடியாது. எங்களுக்கு உள்ள அனுமதி கடல் விலங்குகளுக்கு மட்டும். மனித மாதிரி எடுப்பதற்குத் தனிக் குழு, தனி ஒப்புதல் வேண்டும். அளந்தாலும் எவ்வளவு இருந்தால் என்ன செய்யவேண்டும் என்ற அட்டவணை எதுவும் கிடையாது.

உனக்காகத்தான் கேட்கிறாயா, இல்லை கவியாவுக்காகவா? கவியாவுக்கு இதயத்தில் பிறவியிலேயே குறை இருந்தது என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள். அதை மறக்காதே.

ஷாரோன்

*

பென்னலூர்
2 ஏப்ரல் 2024

அக்கா,

நீ எழுதியதை மூன்று முறை படித்தேன். நல்ல விளக்கம். படம் மட்டும்தான் இல்லை.

ஈஸ்டர் ஆராதனைக்குப் பிள்ளையை முதன்முறையாகத் தூக்கிக்கொண்டு போனோம். எல்லோரும் வாங்கி வாங்கிக் கொஞ்சினார்கள். கங்கா அக்கா உனக்கு ஞாபகம் இருக்கும், நம் தெருக்கோடி வீடு. அவர் கோயிலுக்குப் போகிறவர். இருந்தும் சர்ச் வாசலில் நின்று பிள்ளையைப் பார்த்துவிட்டு, "தாய்ப்பாலுதான குடுக்குற? மூஞ்சியிலயே தெரியுது, மொழுமொழுன்னு கீறான்" என்றார். ஆமாம் என்றேன்.

பகலில் ஆய்வகத்தில் மார்பு கட்டிக்கொள்கிறது. இரண்டு முறை வாஷ்ரூமுக்குப் போய்ப் பிழிந்து தொட்டியில் ஊற்றிவிட்டு வருகிறேன். குழாயைத் திறந்துவிட்டால் போய்விடுகிறது. வேலை நேரத்தில் அதிகம் வெளியே போகிறேன் என்று பரசுராமன் சார் கேட்டார். வயிறு சரியில்லை என்றேன்.

டால்பினுக்கு ஊசி குத்த டெல்லி வரைக்கும் எழுதி அனுமதி வாங்கினாய். ஒன்றரை வருடம் அலைந்தாய், எனக்குத் தெரியும். என் உடம்பில் என்ன இருக்கிறது என்று நான் தெரிந்துகொள்ள யாரிடம் அனுமதி வாங்கவேண்டும்? இதற்குப் பதில் வேண்டாம்.

உன் மாதிரிகளிலிருந்து கொழுப்பைப் பிரித்து முடித்துவிட்டேன். இருபத்து மூன்றும் மெஷினில் ஏறிவிட்டன. இரண்டு வாரத்தில் எண்கள் வரும்.

ஜாஸ்மின்

*

தூத்துக்குடி
18 ஏப்ரல் 2024

அன்புள்ள ஜாஸ்மினுக்கு,

எண்கள் வந்துவிட்டன. இதை உன்னிடம் சொல்லவேண்டும்போல் இருக்கிறது. இத்தனை நாள் எழுதியதுபோல் இல்லாமல், சின்ன வயதில் எதையாவது கண்டுபிடித்தால் உன்னிடம்தானே முதலில் ஓடிவருவேன், அதுபோல.

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. துறைமுகமே காலியாக இருக்கிறது. நான் மூன்று நாளாக ஒரே ஒரு வரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பதினேழாம் எண்.

மற்ற இருபத்திரண்டும் எதிர்பார்த்தபடி. பழைய பூச்சிமருந்து ஒரு கிராம் கொழுப்பில் பத்தாயிரம், பதினைந்தாயிரம் நானோகிராம் என்று இருக்கிறது. தீத்தடுப்பான் இருபதிலிருந்து அறுபதுக்குள். பதினேழில் இது தலைகீழ். பூச்சிமருந்து வெறும் 310. தீத்தடுப்பான் 410. மெஷின் பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். பரசுராமன் சார் இரண்டாம் முறை ஓட்டிப் பார்த்தார். அதே எண்.

பதினேழு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதுகுத் துடுப்பில் வெட்டு விழுந்த பெரிய பெண் டால்பின். கூட்டத்தோடு ஒட்டாமல் தனியே வந்தது. நான் இப்படி நினைக்கிறேன்: அது குட்டி ஈன்ற தாய். உடம்பில் இருந்த பழைய விஷம் முழுவதையும் குட்டிக்குக் கொடுத்துத் தீர்த்துவிட்டது. அதனால்தான் 310. ஆனால் தீத்தடுப்பான் அதன்பிறகும் ஏறிக்கொண்டே இருக்கிறது. நம் கரையில் இல்லாத ஏதோ ஓர் இடத்திலிருந்து அது வந்திருக்கவேண்டும். தொழிற்சாலைக் கழிவு கலக்கிற ஒரு முகத்துவாரமாக இருக்கலாம்.

இயக்குநர் ஜெபகுமாருக்கு அனுப்பிவிட்டேன். "ஷாரோன், இது ஒண்ணே போதும், அடுத்த வருஷ அனுமதிக்கு" என்றார். மே மாதக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்.

பதினேழைப் பிரித்தெடுத்தபோது கொழுப்பின் நிறத்திலோ பதத்திலோ ஏதாவது வித்தியாசம் பார்த்தாயா? உன் கண் கூர்மையானது. எழுது.

ஷாரோன்

*

பென்னலூர்
24 ஏப்ரல் 2024

அக்கா,

வித்தியாசம் இருந்தது.

உன் பதினேழில் கொழுப்பு வரவில்லை. வெறும் தோல்தான். அம்பு சரியாக இறங்கவில்லை போல. அப்படி வந்தால் தாளில் 'போதாது' என்று எழுதி அந்த எண்ணை அடைத்துவிடவேண்டும். நான் எழுதவில்லை.

மார்ச் 21, வியாழக்கிழமை. உன் கூரியர் வந்த அன்று. மாதிரிகளுக்காக, அசுத்தம் போக உலையில் சுட்டுவைத்த கண்ணாடிக் குப்பி ஒன்றை எடுத்துக்கொண்டு வாஷ்ரூமுக்குப் போனேன். தொட்டியில் ஊற்றுவதை அதில் பிடித்தேன். சாயங்காலம் எல்லோரும் பஸ் ஏறப் போனபிறகு, உன் டால்பினுக்குச் செய்கிற எல்லாவற்றையும் அதற்கும் செய்தேன். கரைப்பான் ஊற்றி, கொழுப்பைப் பிரித்து, சுத்தம் செய்து, குட்டிக் குப்பியில் அடைத்து, பதினேழு என்று ஒட்டினேன். தினமும் செய்கிற வேலைதான்.

தப்பு என்று தெரியும். உன் வேலை கெடும் என்று அப்போது நினைக்கவில்லை. ஒரு எண் ஏற்கெனவே வீணாகிவிட்டது, அந்த இடம் காலியாக இருக்கிறது, அதில் நான் உட்கார்ந்துகொள்கிறேன் என்றுதான் நினைத்தேன். எண் வந்ததும் தாளிலிருந்து அடித்துவிடலாம் என்றிருந்தேன். ஆனால் அது மெஷினிலிருந்து நேராகப் பரசுராமன் சாரிடம் போய், அவரிடமிருந்து உன்னிடம் வந்துவிட்டது. நான் பார்ப்பதற்கு முன்பே நீ பார்த்துவிட்டாய்.

குட்டி ஈன்ற தாய், முழுவதையும் குட்டிக்குக் கொடுத்துத் தீர்த்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். இரண்டாம் முறை அக்கா. முதல் முறை நான் அறையில் இருந்தேன். இந்த முறை குப்பியில்.

உன்மேல் கோபம் இல்லை. நீ ஒரு எண்ணைப் பார்த்து எழுதினாய். நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஆனால் இதை மட்டும் சொல். குறைவாக இருந்தால் கவியா எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். கூடுதலாக இருந்தால் இவன் எடுத்துக்கொண்டிருக்கிறான். எனக்கு எந்த எண் வந்திருந்தால் நல்லது?

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பாதிக்குப் பாதி புட்டிப்பால் கொடுக்கிறேன். பிடிக்காமல் துப்புகிறான். சாம்சனுக்குக் காரணம் தெரியாது.

ஜாஸ்மின்

*

தூத்துக்குடி
3 மே 2024

ஜாஸ்மின்,

நான்கு முறை கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை.

முதலில் இது. அன்று நீ மூன்றாம் வரிசையில் இருந்ததைப் பார்த்தேன். நீலச் சுடிதார். படத்தை மாற்றினால் அந்த வாக்கியம் முடிந்துவிடும் என்று நினைத்து மாற்றினேன். மார்ச்சில் எழுதிய முதல் கடிதத்தில் பொய் சொன்னேன். என்னை மன்னித்துவிடு என்று அப்போதே எழுதியிருக்கவேண்டும். அதற்குப் பதிலாக உலர்பனியைப் பற்றி எழுதினேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். 310 என்பது டால்பினுக்குத்தான் அதிசயமான எண். மனுஷிக்கு அது சாதாரணம். நீ சோறு தின்கிறவள், வாழ்நாள் முழுக்க மீன் தின்ற விலங்கு இல்லை. எழுபத்தேழு நாள் பால் கொடுத்ததால் குறைந்த எண் இல்லை அது. கவியா எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. இதை என்னால் உறுதியாகச் சொல்லமுடியும். நான் தாய் டால்பினைப் பற்றி எழுதியது பதினேழாம் எண் ஒரு டால்பின் என்று நம்பியதால் வந்த கற்பனை. எண்ணை வைத்து ஒரு தாயையும் குட்டியையும் நானே உண்டாக்கினேன்.

410ஐப் பற்றி எனக்குத் தெரியாது. சாதாரணத்தைவிட மிக அதிகம் என்பது தெரியும். அந்த யூனிட்டின் தூசியாகத்தான் இருக்கவேண்டும். குழந்தைக்கு அது என்ன செய்யும், எப்போது செய்யும், செய்யுமா என்று தெரியாது. உடம்பிலிருந்து அதை எடுக்க வழி இல்லை. இரண்டு பேராசிரியர்களுக்குப் பெயர் சொல்லாமல் எழுதிக் கேட்டேன். "பால் கொடுப்பதை நிறுத்தச் சொல்லாதீர்கள்" என்று இருவரும் எழுதினார்கள். அதற்குமேல் ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை.

புட்டியை விடு. இதை விஞ்ஞானியாகச் சொல்கிறேனா அக்காவாகச் சொல்கிறேனா என்று கேட்காதே.

பதினேழைத் திரும்பப் பெற்றுவிட்டேன். இங்கே எண் ஒட்டியதில் நான் பிழை செய்துவிட்டதாக எழுதிக் கொடுத்தேன். உன் பெயர் எங்கும் இல்லை. ஒரு எண் மாறியிருந்தால் மற்றதும் மாறியிருக்கலாம், இருபத்து மூன்றையும் இனி நம்பமுடியாது என்று ஜெபகுமார் சொன்னார். அவர் சொல்வது சரி, நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அடுத்த பருவத்துக்கு அனுமதி கேட்க இப்போது கையில் ஒன்றும் இல்லை. அத்தனை டால்பின்களையும் குத்தியது வீண். உன்னைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரியக்கூடாது என்பதற்காக.

அந்த ஒரு வரி இருந்த தாளை இதோடு வைத்திருக்கிறேன். அது உன்னுடையது. குழந்தை மருத்துவரிடம் காட்டு.

11ஆம் தேதி சனிக்கிழமை வருகிறேன். வேண்டாம் என்றால் சாம்சனிடமாவது சொல்லி அனுப்பு.

ஷாரோன்

*

பென்னலூர்
20 மே 2024

அக்கா,

சுங்குவார்சத்திரத்தில் இறங்கி, டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் நீ வீட்டுக்கு வந்தாய் என்று சாம்சன் சொன்னான். கம்பெனியில் அவனோடு ஒரே லைனில் வேலை செய்கிற ஒருவர் பார்த்திருக்கிறார். "உன் பொண்டாட்டியோட அக்கா ரெண்டு டீ குடிச்சாங்க, மூணாவது வாங்கி வச்சிட்டுப் பாத்துகினே இருந்தாங்க" என்றாராம்.

அன்று நீ குக்கரை ஏற்றினாய், நான் துணி காயப்போட்டேன். பிள்ளையைத் தூக்கியதும் உன் கை எடை பார்த்தது. நான் கவனித்தேன். கோபம் வரவில்லை. நானும் அப்படித்தான் தூக்குகிறேன்.

நீ இரண்டு முறை வாயைத் திறந்து மூடினாய். பதினேழைப் பற்றியா, உன் வேலையைப் பற்றியா என்று தெரியவில்லை. நான் செய்ததற்கு நீ கையெழுத்துப் போட்டிருக்கிறாய். பரசுராமன் சாரிடம் போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மூன்று நாள் அவர் அறை வாசல் வரைக்கும் போனேன். சொன்னால் என் வேலை போகும், உன் எண்கள் திரும்பி வராது. வாசலிலிருந்து திரும்பிவிட்டேன்.

சனிக்கிழமை ஸ்ரீபெரும்புதூரில் குழந்தை டாக்டரிடம் போனேன். வயதானவர் இல்லை, நம்மைவிட இரண்டு மூன்று வயது கூட இருப்பார். தாளைக் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"என்னம்மா இது, டால்பின், பெண், முழு வளர்ச்சின்னு போட்டிருக்கு?"

"அது நான்தான் டாக்டர்."

அவர் சிரிக்கவில்லை. உட்காரச் சொன்னார். முழுவதையும் சொன்னேன். கவியாவைப் பற்றியும் சொன்னேன். இடையில் ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை. வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள், நர்ஸ் இரண்டு முறை எட்டிப் பார்த்தாள்.

"இதுக்கு நார்மல் எவ்ளோம்மா?" என்று என்னைக் கேட்டார்.

"இது ரொம்ப ஜாஸ்தின்னு மட்டும் தெரியும் டாக்டர். அதுக்குமேல எங்க அக்காவுக்கும் தெரியல."

போனை எடுத்து எதையோ தேடினார். கொஞ்சநேரம் படித்தார். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பிள்ளையை வாங்கித் தராசில் போட்டார். 6 கிலோ 900. கழுத்தைப் பார்த்தார், காலை மடக்கி நீட்டினார், கண் முன்னால் டார்ச்சை ஆட்டினார். வெளிச்சம் போன பக்கமெல்லாம் திரும்பினான்.

"நல்லா இருக்கான். புட்டிய நிறுத்துங்க. முழுசா உங்க பாலே குடுங்க."

"அந்த நானூத்திப் பத்து?"

தாளை மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தார். "அத வச்சிகினு நான் என்னம்மா பண்றது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். பிள்ளைக்குப் பசி. துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு கொடுத்தேன். நான்கு வாரத்தில் முதன்முறையாகப் பகலில் என்னிடம் குடித்தான். அவசரமாகக் குடித்தான், மூச்சு வாங்க நிறுத்தினான், மறுபடி குடித்தான். ஒரு பக்கம் முடிந்தது. அடுத்த பக்கம் மாற்றுவதற்கு முன்னால் நான் கொஞ்சம் நிறுத்தினேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்த பொம்பளை என்னைப் பார்த்தாள்.

அழுதான். கொடுத்தேன்.

ஜாஸ்மின்